மறுப்பும் தாமதமும்

புதுக்கோட்டைப் பக்கம் ‘எழுதுகிறவர்’ என்றால் மனு எழுதுகிறவர் என்று அர்த்தம். கவிதை எழுதுகிறவனுக்கு அங்கே தனியாகப் பெயர் இல்லை. அதற்கான அவசியமும் நேரவில்லை. லேணாவிலக்கு முகாமில் என்னைத் தெரிந்தவர்களுக்கு அந்த அர்த்தத்தில்தான் தெரியும். அங்கேயும், தோப்புக்கொல்லையிலும், அறந்தாங்கிக்கு அருகே அழியாநிலையிலும் இருக்கும் இலங்கைத் தமிழர்களுக்குப் பல வருஷங்களாக விண்ணப்பம் எழுதிக் கொடுக்கிறேன். பிறப்புப் பதிவு, குடியுரிமை, பாஸ்போர்ட் என்று மூன்று வகை. ஒன்றில்லாமல் மற்றதில்லை, எது முதலில் வர வேண்டும் என்பதில் மேஜைக்கு மேஜை அபிப்பிராயம் வேறுபடும். இந்த எழுத்துக்கு விமர்சகர் கிடையாது. பதிலும் பெரும்பாலும் கிடையாது. அந்தப் பதிலின்மையின் சுபாவத்தைப் பற்றிச் சில விஷயங்கள் சொல்ல வேண்டியிருக்கிறது.

தாமதம் மறுப்பைவிட லேசான குற்றம் என்றே நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஃபைல் பெருத்துவிட்டது, குமாஸ்தா லீவில் இருக்கிறார், மேலிடத்திலிருந்து வரவில்லை என்று அதற்கு ஒரு சோம்பலான, ஏறக்குறைய மனிதத்தன்மையுள்ள முகத்தைக் கொடுத்து வைத்திருக்கிறோம். மறுப்புதான் கொடுமை என்று தோன்றுகிறது. என் அனுபவத்தில் விஷயம் வேறாக இருக்கிறது. மறுப்பு ஒருவர் எடுத்த முடிவு. அதற்குத் தேதி உண்டு, கையெழுத்து உண்டு. 1967-ம் வருஷத்துப் பாஸ்போர்ட் சட்டத்தின்படி மறுக்கிறவர் காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும். மறுக்கப்பட்டவர் மேல்முறையீடு செய்யலாம். 1955-ம் வருஷத்துக் குடியுரிமைச் சட்டம் இவ்வளவு தாராளமில்லை. பதிவு கோரும் விண்ணப்பத்தை மறுக்கும்போது காரணம் சொல்லக் கடமையில்லை என்று 14-ம் பிரிவு வெளிப்படையாகவே சொல்கிறது. இருந்தாலும் அங்கேயும் மறுப்பு என்று ஒன்று இருந்தால் 30 நாட்களுக்குள் மறுபரிசீலனை கேட்க வழி இருக்கிறது. தாமதத்தின் மேல் முறையிட எந்தப் பிரிவும் இல்லை, ஏனென்றால் சட்டத்தின் பார்வையில் இன்னும் எதுவுமே நடக்கவில்லை.

வெளிநாட்டுப் பிறப்பு காரணமாக மறுக்கப்பட்ட ஒருவரை எங்கள் ஊருக்கு நன்றாகத் தெரியும். மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் 1915-ல் மெல்போர்ன் நகரில் மோலி ஃபிங்க் என்ற ஆஸ்திரேலியப் பெண்ணை மணந்தார். அடுத்த வருஷம் சிட்னியில் பிள்ளை பிறந்தது. பிறந்த ஊரைப் பெயரிலேயே சேர்த்து மார்த்தாண்ட சிட்னி தொண்டைமான் என்று வைத்தார்கள். அந்தப் பிள்ளையைப் புதுக்கோட்டையின் வாரிசாக ஏற்க பிரிட்டிஷ் அரசாங்கம் மறுத்துவிட்டது. 1928-ல் ராஜா பாரிஸில் இறந்தார். வேறு கிளையிலிருந்து ராஜகோபாலத் தொண்டைமான் ஆறு வயதில் பட்டத்துக்கு வந்தார். சிட்னிப் பிள்ளை செய்த பிழை, தாயின் தோல் நிறமும் தகப்பனின் தோல் நிறமும் வேறாக இருக்கும்படி பிறந்ததுதான். அநியாயமான மறுப்பு. ஆனாலும் அது மறுப்பு. மறுத்தது யார் என்று தெரிந்திருந்தது. இங்கே இடமில்லை என்று தெரிந்த பிறகு அவர்கள் வேறொரு வாழ்க்கையை வேறு தேசங்களில் அமைத்துக்கொண்டார்கள். அதற்குப் பணம் இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லத்தான் வேண்டும்.

அதே வருஷங்களில் அந்த ராஜாவின் குடிகளில் சிலரும் கடல் தாண்டிக்கொண்டிருந்தார்கள். இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் எடுக்கும் கமிஷனின் தலைமையகம் திருச்சியில் இருந்தது. 1901-லிருந்து எண் பொறித்த தகரச் சீட்டு ஒன்றைக் கூலிகளுக்குக் கொடுத்தார்கள். அந்த எண்ணைப் பார்த்துத்தான் எந்தத் தோட்டத்துக்கு எந்த ஆள் என்று அனுப்புவது. சட்டப்படி பார்த்தால் மணப்பாறையிலிருந்து போனவன் பிரிட்டிஷ் பிரஜை. பக்கத்திலேயே புதுக்கோட்டைச் சமஸ்தானத்திலிருந்து போனவன் பிரஜை அல்ல, பிரிட்டிஷாரின் பாதுகாப்புக்கு உட்பட்டவன். லயத்தில் இருவருக்கும் ஒரே அளவு அறைதான். ஆனால் ஒரு மனிதன் எந்த அரசாங்கத்தைச் சேர்ந்தவன் என்ற கேள்வி, அவன் அறியாமலேயே, கப்பல் ஏறும்போதே அவனுடன் ஏறிவிட்டது.

1948-ல் இலங்கை சுதந்திரமடைந்ததும் அந்தக் கேள்வி கேட்கப்பட்டது. அந்த வருஷத்துக் குடியுரிமைச் சட்டத்தின்படி இலங்கையில் பிறந்தது மட்டும் போதாது. தகப்பனும் அங்கே பிறந்திருக்க வேண்டும்; இல்லாவிட்டால் பாட்டனும் பூட்டனும் பிறந்திருக்க வேண்டும். அதைக் காகிதத்தில் காட்டவும் வேண்டும். தகரச் சீட்டோடு வந்தவனின் பேரன் எந்தக் காகிதத்தைக் காட்டுவான்? 1947 தேர்தலில் மலைநாட்டுத் தமிழர்கள் தங்கள் பிரதிநிதிகளாக ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியிருந்தார்கள். அவர்களில் ஒருவர் கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை, தலவாக்கலைத் தொகுதிக்கு. இரண்டு வருஷத்துக்குள் அவரைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு வாக்கு இல்லாமல் போயிற்று. கவிஞருக்கு வாசகர் இல்லாமல் போவது நமக்குப் பழக்கமான துக்கம். வாக்காளர்களே இல்லாமல் போவது வேறு தினுசு.

1949-ல் இன்னொரு சட்டம் வந்தது. விண்ணப்பித்தால் பரிசீலிப்போம் என்றார்கள். 1951 ஆகஸ்டில் கெடு முடிவதற்குள் ஏறத்தாழ 2,37,000 விண்ணப்பங்கள் குவிந்தன. எட்டு லட்சம் பேருக்கு மேல் அவற்றில் அடங்கினார்கள். பதிமூன்று வருஷம் கழித்துப் பார்க்கும்போது ஏற்கப்பட்டவர்கள் ஒன்றரை லட்சத்தைத் தொடவில்லை. இந்தப் பக்கம் இந்திய அரசியல் சட்டத்தின் 8-வது ஷரத்து, இந்தியாவில் பிறந்த பெற்றோரோ பாட்டன் பாட்டியோ உள்ளவர் அந்நிய நாட்டிலிருந்தபடியே தூதரகத்தில் பதிந்துகொண்டால் குடிமகனாகலாம் என்றது. பெரும்பாலோர் அப்படிச் செய்யவில்லை. அவர்களுடைய ஊர் அங்கே இருந்தது.

1964 அக்டோபர் 30-ல் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்திட்டார்கள். மொத்தம் 9,75,000 பேர். இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்து, 1974-ல் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். இதற்குள் பிறக்கிற குழந்தைகளுக்கு ஒப்பந்தத்தில் ‘இயற்கைப் பெருக்கம்’ என்று பெயர். அவர்கள் பெற்றோரின் கணக்கோடு சேர்ந்து போக வேண்டியவர்கள். பதினைந்து வருஷத்தில் முடிய வேண்டிய காரியம், முடியவில்லை. எண்பதுகளின் ஆரம்பத்தில், ஒப்பந்தத்தின் காலம் தீர்ந்துவிட்டது என்றது இந்திய அரசு. 1983 ஜூலையில் கலவரம். 1984-ல் தலைமன்னாருக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே ஓடிய கப்பலும் நின்றது. விண்ணப்பம் கொடுத்துவிட்டுக் காத்திருந்தவர்களும், இந்தியப் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருந்தவர்களில் பலரும் கப்பலுக்குக் காத்திருந்து, கடைசியில் கள்ளத்தோணியில் வந்து சேர்ந்தார்கள். கப்பலில் வந்திருந்தால் தாயகம் திரும்பியோர். தோணியில் வந்ததால் அகதி. கடல் அதேதான், ஆட்களும் அவர்களேதான்.

லேணாவிலக்கில் எனக்குப் பழக்கமான ஒரு குடும்பத்தைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் வேண்டாம், பெரியவர் என்று வைத்துக்கொள்ளலாம். அவருடைய தகப்பனார் கீரனூர்ப் பக்கத்திலிருந்து பதுளைக்குப் போனவர். பெரியவர் எழுபதுகளில் ஒப்பந்தத்தின்கீழ் இந்தியக் குடியுரிமைக்கு விண்ணப்பித்தார். விண்ணப்பம் பெற்றுக்கொள்ளப்பட்டதற்கான ரசீது இருக்கிறது. சர்டிபிகேட் வந்து சேரவில்லை. 1977 கலவரத்துக்குப் பிறகு மலையிலிருந்து வவுனியாப் பக்கம் இறங்கினார்கள். அங்கே 1983-ல் மூத்த மகன் பிறந்தான். 1985-ல் ராமேஸ்வரம், பிறகு மண்டபம், பிறகு இங்கே. 1986-ல் மகள், 1989-ல் இளைய மகன், இருவரும் புதுக்கோட்டை மாவட்டத்தில் அரசாங்க ஆஸ்பத்திரியில் பிறந்தவர்கள்.

ஒரு வீட்டில் மூன்று பிள்ளைகள், மூன்று சட்டம். நடுவில் பிறந்த பெண் இந்தியக் குடிமகள். 1950 ஜனவரி 26-க்கும் 1987 ஜூலை 1-க்கும் இடையில் இந்த மண்ணில் பிறந்த எவருக்கும், பெற்றோர் யாராக இருந்தாலும், குடியுரிமை பிறப்போடு வந்துவிடுகிறது. தம்பி அந்தத் தேதிக்குப் பிறகு பிறந்துவிட்டான். அவனுக்குப் பெற்றோரில் ஒருவராவது குடிமகனாக இருந்தாக வேண்டும். அண்ணன் பிறந்தது வெளிநாட்டில். அன்றைய 4-வது பிரிவின்படி, பிறந்த வேளையில் தகப்பன் இந்தியக் குடிமகனாக இருந்திருந்தால் மகனும் வம்சாவளியில் குடிமகன். ஆக அண்ணன், தம்பி இருவருடைய கேள்வியும் ஒரே இடத்தில் போய் முட்டுகிறது: பெரியவரின் விண்ணப்பம் பதிவாயிற்றா, ஆனால் என்றைக்கு? ஒரு மேஜையில் ஒரு விண்ணப்பம் கிடந்த காலம் இரண்டு பிள்ளைகளின் ஜாதகமாகிவிட்டது.

அக்காளின் கதையும் சுபமாக முடியவில்லை. அவள் மணந்தது முகாமைச் சேர்ந்த ஒருவனை. 1990-ல் சிறுபிள்ளையாகத் தோணியில் வந்தவன். அவர்களுக்கு 2009-ல் மகள் பிறந்தாள். 2004 டிசம்பர் 3-லிருந்து சட்டம் இன்னும் இறுகியிருக்கிறது. பெற்றோரில் ஒருவர் குடிமகனாக இருந்தாலும் மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இருக்கக் கூடாது. சரியான காகிதம் இல்லாமல் வந்த குழந்தையும் அந்த வார்த்தைக்குள் அடங்குகிறது. ஆகவே தாய் இந்தியர், பேத்தி இல்லை. காலம் போகப்போகக் கதவுகள் திறக்கும் என்பது பொது நம்பிக்கை. இந்தச் சட்டத்தின் சரித்திரத்தில் ஒவ்வொரு தேதிக்குப் பிறகும் ஒரு கதவு சாத்தப்பட்டிருக்கிறது. அதனால் தாமதிக்கிறவர் எந்தத் தீர்ப்பும் எழுத வேண்டியதில்லை. பேசாமல் இருந்தால் தேதி வந்து தீர்ப்பை எழுதிவிடும்.

அண்ணனுக்கு இன்னொரு வழி இருந்தது. 1969-ம் வருஷத்துப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 20-வது பிரிவு வெளிநாட்டில் பிறக்கிற இந்தியக் குழந்தைகளைப் பற்றியது. தூதரகத்தில் பதியப்படாத ஒரு குழந்தையின் பெற்றோர் இங்கேயே குடியிருக்கத் திரும்பி வந்தால், குழந்தை வந்து சேர்ந்த 60 நாட்களுக்குள், இங்கே பிறந்ததைப் போலவே பதிந்துகொள்ளலாம். கருணையுள்ள பிரிவு. 1985-ல் மண்டபத்தில் இறங்கிய ஒரு தகப்பனின் முதல் 60 நாட்களை நினைத்துப் பார்க்கலாம். இப்படி ஒரு பிரிவு இருப்பதை அன்றைக்கு யாரும் சொன்னதாக நான் கேட்ட எவருக்கும் நினைவில்லை. சொல்லியிருந்தாலும், அகதி என்று எழுதிக்கொண்ட அதே வாயால் ‘திரும்பி வந்த பெற்றோர்’ என்று சொல்லியிருக்க முடியுமா என்பது சந்தேகம்.

இதே மாவட்டத்தில் இன்னொரு தரப்புக்கும் எழுதிக் கொடுக்கிறேன். மீமிசல், கோட்டைப்பட்டினம், அறந்தாங்கிப் பக்கங்களிலிருந்து சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போனவர்கள். 2004 டிசம்பருக்குப் பிறகு வெளிநாட்டில் பிறக்கும் இந்தியக் குழந்தையை ஒரு வருஷத்துக்குள் இந்தியத் தூதரகத்தில் பதிய வேண்டும். வேறு நாட்டுப் பாஸ்போர்ட் இல்லை என்று பெற்றோர் உறுதி தர வேண்டும். வருஷம் கடந்தால் மத்திய அரசின் அனுமதி வேண்டும். குழந்தைக்குப் பதிவு முடியாததால் பாஸ்போர்ட் இல்லை, பாஸ்போர்ட் இல்லாததால் பாட்டி முகம் பார்க்க ஊருக்கு வர முடியவில்லை என்று தகப்பன்மார் போனில் குமுறுவார்கள். நியாயமான குமுறல். அவர்கள் வாரங்களை எண்ணுகிறார்கள், முகாமில் பேரன் பேத்திகளை எண்ணுகிறார்கள். இரண்டுக்கும் அடியில் இருக்கும் யந்திரம் ஒன்றுதான். 21 நாள், 30 நாள், 60 நாள், ஒரு வருஷம் என்று சட்டத்திலுள்ள கெடுக்களைக் கூட்டிப் பாருங்கள். பெரும்பாலானவை விண்ணப்பிக்கிறவனுக்கு விதிக்கப்பட்டவை. குடியுரிமை விண்ணப்பத்தைக் கீழிருந்து மேலே அனுப்ப விதிகள் நாள் குறிக்கின்றன. மேலே போனதற்கு இத்தனை நாளில் முடிவு சொல்ல வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. குடிமகனின் கையில் கடிகாரத்தைக் கட்டிவிட்டு, அரசு தான் மட்டும் நித்தியத்தில் வசிக்கிறது.

கோர்ட்டுகள் இதைப் புரிந்துகொண்ட தருணங்கள் உண்டு. 2019 ஜூனில் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி. ஆர். சுவாமிநாதன், கொட்டப்பட்டு, மண்டபம் முகாம்களின் மலையகத் தமிழர்கள் தொடுத்த வழக்கில், அவர்கள் விண்ணப்பிக்கலாம், மத்திய அரசு 16 வாரங்களில் முடிவெடுக்க வேண்டும் என்று சொன்னார். அந்தத் தீர்ப்பு குடியுரிமை கொடுக்கவில்லை. 16 என்ற ஒரு எண்ணைக் கொடுத்தது. 2022-ல் அதே கிளை, 1986-ல் மண்டபத்தில் பிறந்த ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் வழங்கச் சொன்னது. 1987-க்கு முந்திய பிறப்பே போதும் என்றது. அந்தத் தீர்ப்புக்குப் பிறகுதான் பெரியவரின் மகளுடைய விண்ணப்பமும் நகர்ந்தது. மற்றபடி 2019 டிசம்பரின் திருத்தச் சட்டம் மூன்று அண்டை நாடுகளைப் பெயர் சொல்லி அழைத்தது. அதில் இலங்கை இல்லை. 2021-ல் தமிழக அரசு ‘அகதிகள் முகாம்’ என்ற பெயரை ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றியது. 2025 செப்டம்பரில் மத்திய அரசின் ஆணை ஒன்று, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிந்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்குக் காகிதம் இல்லாத குற்றத்துக்கான தண்டனையிலிருந்து விலக்கு அளித்தது. குற்றவாளி இல்லை என்றாயிற்று. குடிமகனா என்ற கேள்வி அப்படியே இருக்கிறது.

இலக்கியத்தைப் பற்றி ஒரு வார்த்தை, இது இலக்கியப் பத்திரிகை என்பதால். தேயிலைத் தோட்டத்தின் துன்பத்தைப் புதுமைப்பித்தன் ‘துன்பக் கேணி’யில் எழுதியாயிற்று. அதற்குப் பிறகு இங்கே நாம் எழுதியவற்றில் பெரும்பகுதி மூடுபனியும் ஏக்கமுமாகவே இருக்கிறது. காத்திருத்தலைப் பற்றியும் நம் சிற்றேடுகள் நிறைய எழுதின. கோதோ வராதது நமக்கு மனித இருத்தலின் அவலமாகப்பட்டது. அந்த நாடகத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் முகாமின் காத்திருத்தலுக்குப் பின்கோடு இருக்கிறது, ஃபைல் எண் இருக்கிறது, யார் மேஜையில் என்று சில சமயம் தெரிந்தும் இருக்கிறது. அதைத் தத்துவமாக்குவது அந்த மேஜைக்குச் செய்கிற உபகாரம். ரசீது, முத்திரை, ‘பரிசீலனையில் உள்ளது’ என்கிற வாக்கியம் ஆகியவற்றின் பாஷையை நம் உரைநடை இன்னும் கையில் எடுக்கவில்லை. அந்த வாக்கியத்தில் எழுவாய் இல்லை என்பதைக் கவிஞர்களாவது கவனித்திருக்க வேண்டும்.

இந்த வருஷம் இளைய மகனுக்காக நான்காவது தடவை எழுதினேன். பெயிண்ட் வேலை செய்கிறவன். திருச்சி, மதுரை என்று சாரம் கட்டிய இடமெல்லாம் போகிறவன். எழுதிக்கொண்டிருக்கும்போது, “இல்லைன்னாவது எழுதிக் குடுக்கச் சொல்லுங்க சேர்” என்றான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் பதறிப்போனார். “அப்பிடிக் கேக்காதீங்க சேர். இல்லைன்னு வந்துட்டா என்ன செய்றது? இப்ப கிடக்கிற மாதிரியே கிடக்கட்டும்.”

தாமதம் இத்தனை காலம் எப்படி உயிரோடு இருக்கிறது என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. அதற்கு அன்றாடம் சோறு போடுகிறவர் பெரியவர். மறுப்பு வந்தால் ஐம்பது வருஷத்து ரசீது வெறும் காகிதமாகிவிடும். பதில் வராத வரையில் அது இன்னும் இந்தியாதான். மகனுக்கு அந்த ரசீதின் மேல் பற்று இல்லை. அவன் பிறந்தது இங்கே. அவனுக்குத் தெரிய வேண்டியது, எதிர்த்து வழக்காட ஒரு ஆணை கைக்குக் கிடைக்குமா என்பது மட்டும். இருவரில் யார் சொல்வது சரி என்று தீர்மானிக்க நான் யாருமில்லை. எழுதுகிறவன், அவ்வளவுதான்.

மகனின் மனுவில் கடைசியாக ஒரு வாக்கியம் சேர்த்தேன்: முடிவு எதுவாயினும் தேதியும் கையொப்பமுமிட்டு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டுகிறேன். பெரியவரின் மனுவில் அது இல்லை.